கண் பாடம் வெள்ளிக்கிழமை

மே 19, திங்கள்

இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். காலையில் ஈ வலைகளை மாட்டும்போது சீமாட்டியின் வலையை இன்ஸ்பெக்டருக்கும் இன்ஸ்பெக்டரின் வலையைச் சீமாட்டிக்கும் மாட்டிவிட்டேன். கோடையில் குதிரைகளின் கண்ணில் ஈ உட்காராமல் இருக்க முகத்தில் கட்டும் மெல்லிய வலைத்துணி அது. நேற்று எல்லாவற்றையும் துவைத்து ஒரே கயிற்றில் உலர்த்தியிருந்தேன். எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அளவைப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை.

அக்காதான் கண்டுபிடித்தாள்.

"என்னடி இது? ஒருத்தன் மூச்சு முட்டி நிக்கிறான், இன்னொருத்தி மாமியார் சட்டையைப் போட்டுக்கிட்டு நிக்கிறா?"

அக்காவும் அத்தானும் நடத்தும் சவாரிப் பள்ளியில் ஆறு குதிரைகள். எனக்கு இங்கே பகலில் வேலை, வாரத்தில் இரண்டு மாலை கால்நடைப் பராமரிப்பு உதவியாளர் வகுப்பு. இன்ஸ்பெக்டருக்கு அந்தப் பெயர் வந்தது, வேலியோரம் விறைப்பாக நடந்து எல்லோரையும் முறைப்பதால். சீமாட்டி சேற்றில் கால் வைக்க மாட்டாள், வாளியைக் கழுவாமல் தண்ணீர் வைத்தால் குடிக்க மாட்டாள். யாரும் வேண்டாம் என்று தள்ளிய குட்டியாக வந்தவளை அக்காதான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். முதன்முதலாகக் குதிரை ஏறும் சிறு பிள்ளைகளை அவள் மீது மட்டும்தான் ஏற்றுகிறோம். பிள்ளை ஒரு பக்கம் சாய்ந்தால் போதும், அவள் தலையைத் திருப்பிப் பார்த்து அப்படியே நின்றுவிடுவாள். "இவ கண்ணை நம்பித்தான் அடுத்தவங்க பிள்ளையை ஏத்துறேன்" என்று அக்கா பெற்றோர்களிடம் சொல்வாள்.

வலையை மாற்றும்போதுதான் அந்தக் கண்ணைப் பார்த்தேன். வலது கண் பாதி மூடியிருந்தது. கண்ணீர் கன்னத்தில் கோடு போட்டிருந்தது. மூக்குப் பக்கமாக இருக்கும் கண்ணோரத்தில் சிவந்து தடித்த ஒரு புண். பூளையைப் பஞ்சால் துடைத்தேன். அவள் தலையை உதறிக்கொண்டு போய்த் தூணில் கண்ணைத் தேய்த்தாள். எத்தனை நாளாக இப்படி என்று தெரியவில்லை. தினமும் வலை மாட்டுகிறவள் நான். எனக்கே தெரியவில்லை என்றால் யாருக்குத் தெரியும்?

மே 20, செவ்வாய்

வகுப்பில் இன்று தோல் பாடம். எங்களுக்கு ஒதுக்கியிருப்பது ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறை. பெஞ்சுகள் சின்னப் பிள்ளைகளுக்கானவை, முழங்கால் மேசையில் இடிக்கும். பக்கத்து அறையில் குழாய் பொருத்தும் வகுப்பு. அவர்கள் சுத்தியலை எடுத்தால் எங்கள் ஆசிரியை குரலை உயர்த்துவார்.

பாதியில் அவர் ஒரு படத்தைக் காட்டினார். குதிரையின் காலில் ஒரு புண். சிவந்து, சதை வளர்ந்து, நடுவில் ரவை போல மஞ்சள் மணிகள்.

"இது கோடைப் புண். குதிரை வயித்துல ஒரு புழு இருக்கு. அதோட முட்டை லத்தியில வெளிய வரும். லத்தியில வளர்ற ஈப்புழு அதைத் தின்னுடும். ஈ பெரிசாகிப் பறக்கும்போது அந்தக் குட்டிப் புழுவும் கூடவே போகும். ஈ குதிரையோட உதட்டுல உக்காந்தா புழு உள்ள போயிடும், வயித்துக்குப் போய்ச் சேர்ந்துடும். ஆனா ஈ உதட்டுலதான் உக்காரணும்னு சட்டமா இருக்கு? ஈரம் எங்க இருக்கோ அங்க உக்காரும். காயம், கண்ணோரம். அங்க இறங்கின புழுவுக்கு வழி தெரியாது. வளரவும் முடியாது, திரும்பவும் முடியாது. அது கிடக்கிற இடத்துல உடம்பு சண்டை போடும். அதுதான் இந்தப் புண்."

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். சீமாட்டியின் கண்ணோரத்துப் புண் அப்படியே அந்தப் படத்தில் இருந்தது.

"கண்ணோரத்துல வந்தா என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"புண்ணுக்குப் பூச்சி மருந்து, வீக்கத்துக்கு ஸ்டீராய்டு, ஈயைத் தடுக்கணும். கண்ணைப் பத்திக் கண் பாடத்துல பார்ப்போம். அது வெள்ளிக்கிழமை."

வீட்டுக்கு வந்ததும் அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டு லாயத்துக்குப் போனேன். டார்ச் அடித்துப் பார்த்தோம். மஞ்சள் மணிகள் இருந்தன. விரல் நுனியில் ஒன்று வந்தது, மணல்போல நறநறவென்றிருந்தது.

"அடியே டாக்டரம்மா," என்று அக்கா என் முதுகில் தட்டினாள். "படிச்சது வீண் போகலைடி."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

மே 21, புதன்

குதிரை வைத்தியம் தெரிந்த டாக்டர் இந்தப் பக்கத்துக்கே ஒருவர்தான். அக்கா போன் செய்தபோது அவர் தூரத்துப் பண்ணைகளில் இருந்தார். படம் அனுப்பச் சொன்னார். நான் சீமாட்டியின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, புண் தெளிவாக விழும்வரை பலமுறை எடுத்து, நன்றாக வந்ததை அனுப்பினேன். மணிகள்கூடத் தெரிந்தன.

"கோடைப் புண் மாதிரிதான் இருக்கு. பூச்சி மருந்தை எடைக்குத் தகுந்த மாதிரி குடுங்க. ஈ அண்டாம பார்த்துக்குங்க. சனிக்கிழமை வந்துடறேன்" என்று பதில் வந்தது.

பூச்சி மருந்துப் பசையை நாக்கின் பின்புறம் செலுத்தினோம். சீமாட்டி பாதியை அத்தானின் சட்டையில் துப்பினாள். "பொண்டாட்டி சமையலைக்கூட நான் இப்படித் துப்பினது இல்லை" என்றார் அத்தான். மறுபடியும் கொடுத்தோம். பிறகு லாயத்தின் பின்னால் குவிந்திருந்த லத்தியை வண்டியில் ஏற்றித் தூர எடுத்துப் போனோம். அந்தக் குவியலில் ஈ மொய்த்ததைப் பார்த்தபோது, இதெல்லாம் இங்கேதான் தொடங்கியிருக்கிறது என்று தோன்றியது.

மாலையில் அக்கா மருந்து டப்பாவைக் கிளறி ஒரு சின்ன டியூபை எடுத்தாள். போன கோடையில் இன்ஸ்பெக்டருக்குக் கண்ணோரத்தில் இதே மாதிரி புண் வந்தபோது டாக்டர் கொடுத்த களிம்பு. பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. எங்கள் லாயத்தில் மிச்ச மருந்தை எறியும் வழக்கம் இல்லை.

"அப்ப இதைப் போட்டு ஒரே வாரத்துல சரியாச்சு. நீதான் படிக்கிறியே, சொல்லு. போடலாமா?"

நான் டியூபை வாங்கிப் படித்தேன். ஸ்டீராய்டு என்று இருந்தது. கண்ணில் போடும் களிம்பு என்றும் இருந்தது. வீக்கத்துக்கு ஸ்டீராய்டு என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். எல்லாம் பொருந்திவந்தது. ஆனாலும் ஏதோ தயக்கம்.

"சனிக்கிழமை வரைக்கும் இருக்கலாமா அக்கா?"

"பாருடி அவளை."

சீமாட்டி தூணில் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"போடலாம்னுதான் நினைக்கிறேன்" என்றேன்.

மே 22, வியாழன்

வீக்கம் குறைந்திருக்கிறது. கண்ணை நேற்றைவிட நன்றாகத் திறக்கிறாள். தேய்க்கவில்லை. அக்கா காலையிலும் மாலையிலும் களிம்பு போட்டாள். எனக்கு இரண்டாவது முறை சந்தோஷம்.

மே 23, வெள்ளி

கண் பாடம்.

ஆசிரியை கரும்பலகையில் பெரிய கண் ஒன்று வரைந்தார். முன்பக்கம் கண்ணாடிபோல இருக்கும் படலத்தைக் காட்டினார். தூசியோ புல்லோ கீறினால் அதில் புண் வரும் என்றார். கண் பாதி மூடியிருந்தால், கண்ணீர் வழிந்தால், வெளிச்சத்துக்குக் கூசினால், முதலில் இந்தப் படலத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

"வெறும் கண்ணால பார்த்தா தெரியாமப் போகலாம். ஒரு சாயம் விடுவாங்க. புண் இருந்தா அந்த இடம் மட்டும் பச்சையாப் பிடிச்சுக்கும். சாயம் போட்டுப் பார்க்காம எந்தக் குதிரை கண்ணுலயும் ஸ்டீராய்டு போடக்கூடாது. படலத்துல புண் இருக்கும்போது போட்டா ஆறவே ஆறாது, கிருமி உள்ள இறங்கும், படலமே கரையும். இதுல மோசம் என்ன தெரியுமா? ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைக்கும். குதிரை கண்ணைத் திறக்கும். நல்லாயிடுச்சுன்னு நாம சந்தோஷப்படுவோம்."

பக்கத்து அறையில் யாரோ குழாயைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

போன கோடையில் டாக்டர் இன்ஸ்பெக்டரின் கண்ணில் முதலில் ஒரு துளி ஏதோ விட்டது நினைவுக்கு வந்தது. அன்று மூக்கு வழியாகப் பச்சைத் தண்ணீர் வடிந்தது. அதுவும் ஒரு மருந்து என்று நினைத்து நாங்கள் சிரித்தோம். அவர் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் களிம்பைக் கொடுத்திருக்கிறார். சோதனை அவரோடு போய்விட்டது, டியூப் எங்களிடம் தங்கிவிட்டது.

கையைத் தூக்கினேன். "மேடம், தெரியாம போட்டுட்டா?"

"உடனே நிறுத்தணும். அன்னைக்கே டாக்டர் பார்க்கணும். யார் போட்டா?"

எழுந்து வெளியே போனேன். நடைபாதையில் நின்று அக்காவுக்குப் போன் செய்தேன்.

"களிம்பு போடாதே அக்கா."

"இப்பத்தான்டி போட்டேன். கண்ணு எவ்வளவு அழகாத் திறந்திருக்கு தெரியுமா?"

என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. டாக்டரை மூன்று பேரும் மாறி மாறிக் கூப்பிட்டோம். தொலைபேசியை எடுத்த அவருடைய உதவியாளர், அவர் ஒரு குதிரையின் பிரசவத்தில் இருக்கிறார் என்றும், காலையில் முதலில் எங்களிடம்தான் வருவார் என்றும் சொன்னார். குதிரையைக் கொண்டு போகலாம் என்றால் எங்கள் வண்டி பட்டறையில் கிடக்கிறது. அத்தான் தெரிந்தவர்களிடமெல்லாம் வண்டி கேட்டார். கிடைக்கவில்லை.

கொதிக்கவைத்து ஆறவிட்ட உப்புத் தண்ணீரால் கண்ணைக் கழுவினேன். களிம்பைக் கழுவி எடுக்க முடியுமா என்று தெரியாது. கழுவாமல் இருக்கவும் முடியவில்லை. அத்தான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அரைகுறைத் தெலுங்கை வச்சுக்கிட்டுக் குதிரை குர்ரம்னா ஆனை அர்ரம்னு சொன்னவன் கதையாப் போச்சு நம்ம கதை" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன்னைச் சொல்லலை. நானும்தானே பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றார்.

நான் அனுப்பிய படத்தை மறுபடி பார்த்தேன். புண் தெளிவாக இருக்கிறது. கண் படத்துக்கு வெளியே இருக்கிறது. நான் எடுத்தது புண்ணை, கண்ணை அல்ல.

மே 24, சனி

டாக்டர் வந்தார். சீமாட்டிக்கு ஊசி போட்டுச் சற்று மயங்க வைத்தார். ஆரஞ்சு நிறத்தில் முனை உள்ள ஒரு காகிதத் துண்டை நனைத்துக் கண்ணில் வைத்தார். நீல வெளிச்சம் அடித்தார். கருவிழியின் நடுவில் பட்டாணி அளவுக்குப் பச்சை வட்டம். அதன் ஓரம் குழைந்த பசைபோல இருந்தது.

"ஏதாவது போட்டீங்களா?"

"நான்தான் போட்டேன்" என்றாள் அக்கா.

"நான்தான் போடச் சொன்னேன்" என்றேன்.

"யார் சொன்னா என்ன, யார் போட்டா என்ன? டியூபைக் கொண்டாங்க."

பார்த்தார். பையில் போட்டுக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"கோடைப் புண்தான், அதுல சந்தேகமே இல்லை. சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க" என்று என்னிடம் சொன்னார். இமையைத் திருப்பி, ஈரப் பஞ்சால் மணிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். "இந்த மணிகூடக் கண்ணைக் கீறியிருக்கலாம்."

"வலை உரசியிருக்குமா? ஒரு நாள் அளவு மாறிப் போச்சு."

"இருக்கலாம். புல் குத்தியிருக்கலாம். தூணில தேய்ச்சதுல ஆகியிருக்கலாம். அது இப்பத் தெரிஞ்சு என்னம்மா ஆகப் போகுது?"

அவருக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. எனக்குத் தெரிய வேண்டும். ஆனால் தெரியப் போவதில்லை.

மேல் இமைக்குள் ஒரு மெல்லிய குழாயைத் தைத்து, நெற்றி வழியாகப் பிடரிவரை கொண்டுவந்து, பிடரி மயிரோடு பின்னிவிட்டார். இனிக் கண்ணைத் தொடாமலே கழுத்தருகில் நின்று மருந்தைச் செலுத்தலாம். சீமாட்டியின் ரத்தத்தை எடுத்து வண்டியிலிருந்த ஒரு சிறு இயந்திரத்தில் சுழற்றினார். மேலே தெளிந்து நின்ற மஞ்சள் நீரைப் புட்டிகளில் ஊற்றினார். படலம் கரைவதைத் தடுக்கும் சக்தி அதில் இருக்கிறதாம். அவள் ரத்தமே அவளுக்கு மருந்து.

"பிழைக்குமா டாக்டர்?" என்று அக்கா கேட்டாள்.

"அவ நல்லா இருக்கா. கண்ணைக் கேட்கறீங்கன்னா, இப்ப சொல்ல முடியாது."

மே 27, செவ்வாய்

வகுப்புக்குப் போகவில்லை. மருந்து வேலையே சரியாக இருக்கிறது. முதலில் கிருமி மருந்து, கொஞ்ச நேரம் விட்டு மஞ்சள் நீர், பிறகு கண்மணியை விரிக்கும் மருந்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் மருந்தைக் கண்வரை தள்ளக் குழாயில் காற்று. நானும் அக்காவும் மாற்றி மாற்றிச் செய்கிறோம். மஞ்சள் நீர் வீட்டுக் குளிர்பெட்டியில் இருக்கிறது. அத்தான் அதன்மேல் "ஜூஸ் அல்ல" என்று எழுதி ஒட்டியிருக்கிறார். யாரும் சிரிக்கவில்லை, அவரும்தான்.

கண் நீலம் கலந்த வெள்ளையாக இருக்கிறது. அது நல்லதா கெட்டதா என்று எனக்குப் புரியவில்லை. புத்தகத்தில் ஆறும்போதும் வெளுக்கும் என்று இருக்கிறது, கெடும்போதும் வெளுக்கும் என்று இருக்கிறது.

கண்ணோரத்துப் புண் நன்றாக ஆறிவருகிறது. சிவப்புக் குறைந்து, சுருங்கி, ஓரத்தில் புதுத் தோல் வந்திருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. எது ஆற வேண்டுமோ அது ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சவாரி வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் ஒருத்தியின் அம்மா போன் செய்தார். மகள் சீமாட்டியைத் தவிர வேறு குதிரையில் ஏற மாட்டேன் என்கிறாளாம்.

"சீமாட்டிக்கு உடம்பு சரியில்லைங்க" என்றாள் அக்கா.

"எப்ப சரியாகும்?"

அக்கா போனை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கினேன், ஆனால் என்ன சொல்வது? "சொல்றோம்மா" என்று சொல்லி வைத்தேன்.

மே 29, வியாழன்

காலையில் மருந்து விடப் போனபோது சீமாட்டி சுவரைப் பார்த்து நின்றாள். தீனியைத் தொடவில்லை. கண்ணின் நடுவில், புண்ணின் ஆழத்தில், கண்ணாடிக் கொப்புளம்போல ஒன்று தெளிவாகத் துருத்திக்கொண்டிருந்தது. இந்தப் படத்தைப் பாடத்தில் பார்த்திருக்கிறேன். நான் எதையும் தொடாமல் அக்காவைக் கூப்பிட்டேன்.

டாக்டர் மதியம் வந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"மேல் படலம் முழுக்கப் போயிடுச்சு. கடைசி ஜவ்வு ஒண்ணுதான் தாங்கிக்கிட்டு இருக்கு. அதுவும் உடைஞ்சுடும்."

"பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா?" என்றார் அத்தான். அவர் நேற்றே ஒரு வண்டி பேசி வைத்திருந்தார்.

"ஒட்டு வைப்பாங்க. இவ்வளவு ஆழமாப் போகும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா நானே அனுப்பியிருப்பேன். இப்ப வண்டி குலுங்குற குலுக்கலுக்கே உடைஞ்சுடும். உள்ள கிருமியும் இருக்கு."

அக்கா சீமாட்டியின் கழுத்தில் கை வைத்து நின்றிருந்தாள்.

"வலிக்குதா அவளுக்கு?"

"ரொம்ப."

"எடுத்துட்டா?"

"காயம் ஆறினதும் வலி இருக்காது. ஒரு கண்ணோட நல்லா இருக்கிற குதிரை நிறைய உண்டு. பழகிக்கும்."

"பிள்ளைங்களை ஏத்தலாமா?"

டாக்டர் அவளுடைய வலது பக்கத்தைக் கைகாட்டினார். "அந்தப் பக்கம் பிள்ளை சாய்ஞ்சா அதுக்குத் தெரியாதும்மா. கூட ஆள் நடந்தா, பெரியவங்களை ஏத்தலாம். சின்னப் பிள்ளைங்க வேண்டாம்."

"எடுத்துடுங்க" என்றாள் அக்கா.

டாக்டர் வலிக்கு ஊசி போட்டுவிட்டு, காலையில் கருவிகளோடு வந்து எடுப்பதாகச் சொல்லிப் போன பிறகு அக்கா லாயத்தைக் கழுவ ஆரம்பித்தாள். கழுவிய இடத்தையே மறுபடி கழுவினாள். நான் துடைப்பத்தை வாங்கப் போனேன். கொடுக்கவில்லை.

"அக்கா, அன்னைக்கு நான் வேண்டாம்னு சொல்லியிருந்தா..."

"போட்டிருப்பேன்."

"என்னது?"

"நீ வேண்டாம்னு சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேன்டி. கையில டியூபை எடுத்துட்டுத்தானே உன்னைக் கேட்டேன்? ஒரு தைரியத்துக்குக் கேட்டேன். நீ படிக்கிறவ, சரின்னு சொன்னா எனக்குப் பாதி பாரம் குறையும்." தரையைத் தேய்த்துக்கொண்டே பேசினாள். "இப்ப அந்தப் பாதியையும் நீ தூக்கிக்கிட்டு அலையாதே. பார்க்கச் சகிக்கலை."

அவள் சொல்வது உண்மையா, எனக்காகச் சொல்கிறாளா என்று இப்போதும் தெரியவில்லை. உண்மையாகவே இருந்தாலும், நான் சரி என்றது சரி என்றதுதான்.

சீமாட்டி ஊசியின் தயவில் கொஞ்சம் தின்றாள். நான் அவளுடைய வலது பக்கமாக நின்றிருந்தேன். நான் நிற்பதை அறிய அவள் கழுத்தை முழுவதும் திருப்பி, இடது கண்ணைக் கொண்டுவந்து பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி தீனிக்குத் திரும்பினாள்.

ஆசிரியைக்குப் போன் செய்து நாளையும் வகுப்புக்கு வர முடியாது என்று சொன்னேன். காரணம் கேட்டார். சொன்னேன். "தோல் பாடத்தன்னைக்கே நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார். இப்படி எல்லோரும் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறார்கள். கண் ஒன்றுதான்.

நாளை டாக்டர் எட்டு மணிக்கு வருகிறார். சீமாட்டிக்குக் காலைத் தீனி கிடையாது, தண்ணீர் மட்டும் வைக்க வேண்டும். மற்ற ஐந்து குதிரைகளையும் அதற்குள் வெளி மைதானத்தில் விட்டுவிட வேண்டும். இரண்டு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து மூடி ஆறவிட வேண்டும். அவளை நிற்க வைத்தே செய்வாராம், மயக்கத்தில் தலை தொங்கிவிடும், யாராவது முடியும்வரை தாங்க வேண்டும். நான் தாங்குகிறேன்.